டிசம்பரில் மாளிகைத் தோட்டத்துக்கு என்ன வேலை?

ரெடிங்வாசி | டிசம்பர் 1, இரவு 9:10

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற ஒரு பழைய பிரபு மாளிகைத் தோட்டத்துக்குப் போனோம். ஜூன் மாதம் போனப்போ ரோஜா கண்ணைப் பறிச்சது. இப்போ மொட்டை மரம், வெறும் பாத்தி, சிலைகளுக்கெல்லாம் உறை, புல்வெளியைச் சுத்திக் கயிறு. நுழைவுக் கட்டணம் மட்டும் குறையல.

ஆனா மாளிகைக்குள்ள போனா கூடத்துல இரண்டு மாடி உயரத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம், மாடிப்படிக் கைப்பிடி முழுக்கப் பச்சைத் தழை, சிவப்புப் பழம். "எல்லாம் நம்ம தோட்டத்துலேர்ந்து வந்ததுதான்"னு அங்கே நின்ன அம்மா பெருமையாச் சொன்னாங்க. நான் பார்த்த தோட்டத்துல ஒண்ணுமே இல்லையே, எங்கேர்ந்து வந்திருக்கும்?

இரண்டு கேள்வி. குளிர்காலத்துல இந்தத் தோட்டக்காரங்க என்னதான் பண்றாங்க? அடுத்தது, கதவுல மாட்டற பச்சை வளையம் நாமே கட்டணும்னு மகள் அடம் பிடிக்கிறா. எப்படிக் கட்டறது?

மண்வெட்டி | டிசம்பர் 1, இரவு 10:42

தம்பி, நான் ஹெரிஃபோர்ட்ஷயர்ல ஒரு தனியார் மாளிகையோட மதில் தோட்டத்துல வேலை பார்க்கிறேன். முதல் கேள்விக்கு நீளமாத்தான் பதில் சொல்லணும்.

இலை உதிர்ந்து செடி உறங்கப் போனப்புறம்தான் எங்களுக்குக் கை வைக்க வழி பிறக்குது. மரத்தோட எலும்புக்கூடு தெரியறது இப்பதான். எந்தக் கிளை எதோட உரசுது, எது பட்டுப்போச்சு, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆப்பிள், பேரி மரக் கவாத்து, அதாவது கிளை வெட்டறது, நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும். பிளம், செர்ரி மட்டும் இப்போ தொடவே மாட்டோம். குளிர்ல வெட்டின காயம் வழியா வெள்ளியிலை நோய்ப் பூஞ்சை உள்ளே போயிடும், அதனால அதுங்களுக்குக் கோடையிலதான் கத்தரி. வேலிக்கு வைக்கிற கன்னுகளை மண் இல்லாம, வெறும் வேரோட இந்த மாசங்கள்ல மட்டும்தான் வாங்கி நட முடியும். தொட்டியில வளர்ந்த கன்னை விட விலை ரொம்பக் குறைவு. நூறு மீட்டர் வேலி வைக்கிற இடத்துல அந்த வித்தியாசம் பெரிசு.

டியூலிப் கிழங்கு நவம்பர்ல. மத்த கிழங்கெல்லாம் செப்டம்பர்லயே மண்ணுக்குள்ள போயிடும், டியூலிப்பை மட்டும் வேணும்னே தாமதிப்போம். மண் நல்லா குளிர்ந்தப்புறம் நட்டா அதைத் தாக்கற பூஞ்சை நோய் குறையும். டாலியா நேர் எதிர். முதல் உறைபனியில தழை கறுத்துப் போகும் வரைக்கும் காத்திருந்து, வெட்டி, கிழங்கைத் தோண்டி, தண்டுக்குள்ள இருக்கிற தண்ணி வடியத் தலைகீழா வச்சு, அப்புறம் உறைபனி எட்டாத கொட்டகையில காய்ஞ்ச மண்ணுக்குள்ள புதைச்சு வைப்போம். ஒவ்வொண்ணுக்கும் பெயர்ச்சீட்டு. சீட்டு விழுந்துட்டா அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் அது சிவப்பா மஞ்சளான்னு யாருக்கும் தெரியாது.

நீங்க பார்த்த உறை சும்மா இல்ல. சலவைக்கல்லுக்குள்ள நுண்துளை வழியா ஈரம் போகும், ராத்திரி உறையும்போது அந்தத் தண்ணி விரியும், கல்லோட மேல்தோல் செதிள் செதிளா உதிரும். முந்நூறு வருஷத்துச் சிலையோட மூக்கு ஒரே குளிர்காலத்துல போனா திரும்ப வருமா? அதனால அக்டோபர் கடைசியிலயே மூடிடுவோம். உறை காத்து போகிற துணியா இருக்கணும். பிளாஸ்டிக்கால கட்டினா உள்ளே வேர்த்து இன்னும் கெட்டுப்போகும்.

புல்வெளியில கயிறும் அதே காரணம்தான். உறைஞ்ச புல்லை மிதிச்சா உள்ளே உயிரணு உடையும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சுக் காலடித் தடம் அப்படியே கறுப்பாத் தெரியும், வசந்தத்துல புதுப் புல் வர வரைக்கும் போகாது. எங்க தலைமைத் தோட்டக்காரர் கோபப்பட்டு நான் பார்த்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

வளையம் பத்தி நாளைக்கு எழுதறேன். காலையில எட்டு மணிக்கு மேலதான் வெளிச்சம், சாயங்காலம் நாலுக்குள்ள இருட்டு. அதுக்குள்ள முடிக்க வேண்டியது நிறைய.

குன்னூரான் | டிசம்பர் 2, காலை 6:55

அக்கா, அருமை. எங்க மலையிலயும் கவாத்து உண்டு, ஆனா தேயிலைக்கு. பூந்தொட்டிக்குப் பெயர்ச்சீட்டு விழற கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

இன்னொரு சந்தேகம். கிறிஸ்துமஸுக்கு மிசல்டோன்னு ஒரு கொத்தைத் தொங்க விட்டு அதுக்குக் கீழே நின்னு முத்தம் கொடுப்பாங்களாமே, அது நம்ம புல்லுருவி வகைதானே? இங்கே மாமரத்துல அதைக் கண்டா கிளையோட வெட்டித் தள்ளுவோம். அதைக் காசு கொடுத்து வாங்குறாங்களா?

யாழ்ப்பனை | டிசம்பர் 2, மதியம் 1:20

தம்பி, காசு குடுத்து மட்டுமில்ல, ஏலத்தில எடுக்கினம்! நான் ஹாரோவில இருக்கிறன். வேலையால ஓய்வெடுத்த பிறகு கிழமையில ஒருநாள் ஒரு தோட்டத்துக்குத் தொண்டனாப் போறனான். அவையோட ஒருக்கா டென்பரி வெல்ஸ் எண்ட சின்ன ஊருக்குப் போனன். நவம்பர் கடைசியிலயும் டிசம்பரிலயும் அங்க மிசல்டோவும் ஹாலி எண்ட முள்ளிலைச் செடியின்ர கிளையும் கட்டுக் கட்டா வெட்டவெளியில அடுக்கி ஏலம் விடுவினம். பூக்கடைக்காரர், சந்தை வியாபாரிகள் எல்லாரும் வாகனத்தோட வந்து நிப்பினம். மிசல்டோவில பழம் முத்து முத்தா வெள்ளையா இருக்கிற கட்டுக்குத்தான் விலை. ஹாலி எண்டால் சிவப்புப் பழம் கனக்க இருக்க வேணும்.

மாமரத்தில வாறதும் இதுவும் ஒரே குடும்பம் இல்லை, ஆனா பிழைப்பு ஒண்டுதான். மரத்தின்ர சாற்றில பாதி வாழ்க்கை. பழத்தின்ர சதை பசை போல ஒட்டும். மிசல் திரஷ் எண்ட குருவி விழுங்கி எச்சமாப் போடும், பிளாக்கேப் எண்ட குருவி சதையைத் திண்டிட்டு விதையை அலகால கிளையிலேயே துடைச்சு விட்டிடும். அந்தப் பக்கத்துப் பழைய ஆப்பிள் தோப்புகள்தான் இதுக்குத் தாய்வீடு. பொப்லார், லிண்டன் மரங்களிலயும் வரும்.

மண்வெட்டி பிள்ளை, நீங்கள் அந்தப் பக்கம்தானே? பிழையெண்டால் திருத்துங்கோ.

மண்வெட்டி | டிசம்பர் 2, இரவு 9:30

பிழையே இல்ல ஐயா. ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். மிசல்டோவுல ஆண் செடி தனி, பெண் செடி தனி. பழம் பெண்ல மட்டும்தான். கிறிஸ்துமஸுக்குன்னு வருஷா வருஷம் பழம் இருக்கிறதையே வெட்டினா மரத்துல ஆண் செடிதான் மிஞ்சும். அது காய்க்காது, ஆனா மரத்தை உறிஞ்சறதை நிறுத்தாது. அதனால எங்க தோப்புல ரெண்டையும் சேர்த்துத்தான் குறைக்கறோம். அளவா இருந்தா ஆப்பிள் மரம் தாங்கும். விட்டுட்டா பத்துப் பதினைஞ்சு வருஷத்துல மரமே ஓய்ஞ்சு போகும். குன்னூரான் வெட்டித் தள்ளறது சரிதான், நாங்களும் வெட்டறோம். இங்கே வாங்க ஆள் இருக்கு, அவ்வளவுதான்.

இப்போ ரெடிங்வாசியோட "எங்கேர்ந்து வந்தது"க்கு வரேன். அந்த மாடிப்படி அலங்காரத்துல பாதிக்கு மேல நாங்க எப்படியும் வெட்ட வேண்டியிருந்ததுதான். காட்டுல ஸ்ப்ரூஸ் மரம் நெருக்கமா வளர்ந்தா சிலதை எடுத்துடணும், அந்தக் கிளை படிக்கட்டுக்கு. மதில்ல ஏறி ஜன்னலை மூடற ஐவியைப் பிடுங்கணும், அது கணப்பு மாடத்துக்கு. விஸ்டீரியா கொடி ஒரு பருவத்துல ஆள் உயரத்துக்கு மேல சாட்டை விடும். வெட்டின சாட்டையைப் பச்சையா இருக்கும்போதே வளைச்சுச் சுத்தினா கம்பியே இல்லாத வளையம். தோட்டத்துல குப்பையாப் போக வேண்டியது வீட்டுக்குள்ள போய்ச் சிங்காரமா உட்கார்ந்திருக்கு.

மிச்சத்துக்கு டிசம்பர்ல ஓடினா கிடைக்காது. ஹைட்ரேஞ்சியா பூங்கொத்து செப்டம்பர்ல தாள் பதத்துக்கு வரும்போது வெட்டணும். ஹெலிகிரைசம், ஸ்டாட்டிஸ் மாதிரி காய்ஞ்சாலும் நிறம் போகாத பூவெல்லாம் கோடையிலயே கட்டித் தலைகீழா இருட்டுக் கொட்டகையில தொங்கும். ஹையசிந்த் கிறிஸ்துமஸுக்குப் பூக்கணும்னா அதுக்குன்னே பதப்படுத்தின கிழங்கைச் செப்டம்பர் பாதியில தொட்டியில வச்சு, பத்து வாரம் குளிர்ச்சியான இருட்டுல அடைச்சு வைக்கணும். இந்தக் கணக்குல ஒரு வாரம் தவறினாலும் பூ புத்தாண்டுக்குத்தான்.

ஹாலிப் பழம்தான் எப்பவும் தலைவலி. குளிர் கூடினா ஸ்காண்டிநேவியாப் பக்கத்துலேர்ந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் குருவிக் கூட்டம் வந்து இறங்கும். ஒரு மரத்தை ஒரே நாள்ல மொட்டை அடிச்சிடும். அதனால நல்லாக் காய்ச்ச கிளைக்கு முன்கூட்டியே வலை போடுவோம், இல்லேன்னா டிசம்பர் தொடக்கத்துலயே வெட்டிக் குளிர்ந்த கொட்டகையில வாளித் தண்ணியில நிறுத்திடுவோம். முழுசா எடுக்கறது இல்ல, மேல் பாதி குருவிக்கு.

ஹாலியிலயும் ஆண் பெண் உண்டு. கடையில 'கோல்டன் கிங்'னு விக்கிறது பெண், 'சில்வர் குயின்'னு விக்கிறது ஆண். ராணி காய்க்கலையேன்னு வருஷக்கணக்குல காத்திருக்கிறவங்களை எனக்குத் தெரியும்.

கம்பத்துக்கொடி | டிசம்பர் 3, காலை 7:15

நான் கம்பம் பக்கம், வீட்டுல திராட்சைத் தோட்டம். எங்களுக்கும் இப்பத்தான் கவாத்து. டிசம்பர், ஜனவரியில வெட்டினா ஏப்ரல் மே வாக்குல பழம். மறுபடி மே, ஜூன்ல ஒரு வெட்டு. நம்ம ஊர்ல கொடி உறங்கறதே இல்ல, வெட்டறதுதான் அதுக்குப் பருவம். அங்க கண்ணாடி வீட்டுக்குள்ள திராட்சை வைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுக்கும் டிசம்பர்லதான் வெட்டா? எத்தனை கண்ணு (துளிர் மொட்டு) விடுவீங்க?

மண்வெட்டி | டிசம்பர் 3, மதியம் 12:50

(மழை. கொட்டகையில தொட்டி கழுவற நாள். அதான் பகல்லயே வந்துட்டேன்.)

ஆமா, இங்கேயும் டிசம்பர்தான், ஆனா காரணம் வேற. கிறிஸ்துமஸுக்குள்ள வெட்டி முடிக்கணும்னு வழக்கம். தாமதிச்சு வசந்தத்துல வெட்டினா சாறு ஏற ஆரம்பிச்சிருக்கும், வெட்டுவாய்லேர்ந்து சொட்டுச் சொட்டா ஒழுகிட்டே இருக்கும். பக்கக் கிளையை ஒண்ணு ரெண்டு கண்ணு விட்டு ஒட்ட வெட்டிடுவோம். அப்புறம் பழைய கொடியோட தளர்ந்த பட்டையைக் கையால தேய்ச்சு உரிப்போம், மாவுப்பூச்சி அதுக்குள்ளதான் பதுங்கும். அடுத்து கொடியைக் கம்பியிலேர்ந்து அவிழ்த்து நுனி கீழே வர மாதிரி வளைச்சுத் தொங்க விடுவோம். நேரா நின்னா நுனிக் கண்ணு மட்டும் முந்திக்கும். வளைச்சா அடிக் கண்ணும் சேர்ந்து முளைக்கும். ஜன்னலெல்லாம் திறந்து போட்டுக் குளிரை உள்ளே விடணும், கொடி நல்லா உறங்கினாத்தான் நல்லா காய்க்கும்.

உங்க ஊருக்கும் இங்கேக்கும் ஒரு உறவு இருக்கு, தெரியுமா? லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768ல நட்ட ஒரு திராட்சைக் கொடி இன்னும் காய்க்குது. கேப்பபிலிட்டி பிரவுன்னு பேர் வாங்கின தோட்டக் கலைஞர் வச்சது. ரகம் பிளாக் ஹாம்பர்க். உங்க பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம்தானே? அதோட ஒரு பெற்றோர் இந்த பிளாக் ஹாம்பர்க், இன்னொண்ணு அலெக்சாண்டிரியா மஸ்கட்.

பழைய மாளிகைகள்ல கிறிஸ்துமஸ் விருந்துக்குத் திராட்சை வைக்கணும்னா அக்டோபர்ல பழுத்த குலையைக் கொடித்துண்டோட வெட்டி, கரித்துண்டு போட்ட தண்ணி பாட்டில்ல காம்பைச் சொருகி, இருட்டறையில வரிசையாச் சாய்ச்சு வைப்பாங்க. மாசக்கணக்குல வாடாது. அதுக்குன்னு தனி அறையும் தனி பாட்டிலும் இருந்தது. தினம் ஒருத்தர் போய் அழுகின மணியைக் கத்தரியால எடுக்கணும்.

கம்பத்துக்கொடி | டிசம்பர் 3, மதியம் 2:05

அக்கா, இதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "அந்த ராசா வீட்டுக் கொடிக்கு நம்ம கொடி பேத்தியா"ன்னு சிரிச்சாரு. கொடியை வளைக்கிறதை நாங்க பந்தல்லயே படுக்கப் போட்டு முடிச்சிடுறோம். பாட்டில் வித்தை இங்க எடுபடாது, ரெண்டாம் நாளே புளிச்சிடும்.

நிலாமுற்றம் | டிசம்பர் 3, இரவு 8:40

எல்லாரும் தழை, பழம்னே பேசறீங்க. இப்போ இந்தத் தோட்டங்களுக்கு டிசம்பர்ல ஜனங்க வர்றது விளக்குப் பாதைக்குத்தான். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துல 2013ல ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு எந்தப் பெரிய மாளிகைக்குப் போனாலும் இருட்டினப்புறம் மரத்துக்கெல்லாம் வண்ண வெளிச்சம், பாட்டு, சூடான சாக்லேட். நான் மான்செஸ்டர் பக்கம், அந்த விளக்கு அமைக்கிற வேலையில இருக்கேன். ரெடிங்வாசி, உங்க பிள்ளைகளை ராத்திரி கூட்டிப் போங்க, மொட்டை மரம்தான் வெளிச்சத்துக்கு அழகு.

குன்னூரான் | டிசம்பர் 4, காலை 7:02

> மொட்டை மரம்தான் வெளிச்சத்துக்கு அழகு

மன்னிக்கணும் சகோதரி. மண்வெட்டி அக்கா உறைஞ்ச புல்லை ஒருத்தர் மிதிச்சாலே தடம் போகாதுங்கறாங்க. நீங்க லாரியில ஜெனரேட்டரைக் கொண்டு போய் இறக்கி, ஆயிரக்கணக்கான பேரை ஈர மண்ணுல நடக்க விடறீங்க. மரத்தோட வேர் பெரும்பாலும் மேல் மண்ணுலதான் பரவியிருக்கு, மண் இறுகினா வேருக்குக் காத்து கிடைக்காது. இருநூறு வருஷத்து ஓக் உடனே விழாது, இருபது வருஷம் கழிச்சு உச்சி காயும்போது யார் கணக்கு கேட்பாங்க? எங்க மலையிலயும் சீசன் கூட்டம் போனப்புறம் புல் தேறப் பல வாரம் ஆகுது, அது வளர்ற பருவத்துலயே. முள்ளெலியும் வௌவாலும் உறங்கற நேரத்துல பாட்டு எதுக்கு?

நிலாமுற்றம் | டிசம்பர் 4, இரவு 7:50

லாரி நினைச்ச இடத்துல போகாது. கனமான தடுப்புப் பலகை விரிச்சு அதுமேலதான் போகும். பாதை எல்லாம் கல், சரளைப் பாதையிலயே போற மாதிரிதான் வரைவோம். வேர் வட்டத்துக்குள்ள ஆணி கூட அடிக்க விடமாட்டாங்க. வௌவால் தங்கற மரம் எதுன்னு பட்டியல் தந்து அதைத் தொடாதேன்னு சொல்லிடுவாங்க. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல பட்டியல் சரியா வராம ஒரு கம்பத்தைப் பிடுங்கி மறுபடி நட்டோம், அதையும் ஒத்துக்கிறேன்.

ஆனா ஒரு கேள்வி. பனிக்காலத்துல யாரும் வராத தோட்டத்துல பத்துப் பதினைஞ்சு தோட்டக்காரருக்கு யார் சம்பளம் கொடுக்கறது? பிரபுவா? அந்தக் காலம் போயிடுச்சு.

மண்வெட்டி | டிசம்பர் 4, இரவு 10:15

நிலாமுற்றம் கேட்கறது நியாயம். எனக்கும் சம்பளம் அந்த மாதிரி ஒரு வரவுலேர்ந்துதான் வருது.

எனக்கு இருக்கிற குறை மண் இறுகறது மட்டும் இல்ல, நாள். நான் முன்னே இருந்த ஒரு தோட்டத்துல செப்டம்பர் கடைசியில கேபிள் இழுக்க ஆரம்பிச்சா ஜனவரி பாதி வரைக்கும் அந்தப் பகுதியில நாங்க நுழைய முடியாது. கவாத்து, கிழங்கு நடவு, வேலி நடவு, எல்லாத்துக்கும் இருக்கிறதே அந்த நாலஞ்சு மாசம்தான். ஜனவரி கடைசியில உள்ளே விடுவாங்க, பனித்துளிப் பூ (ஸ்னோடிராப்) மூக்கை நீட்டியிருக்கும், கால் வைக்க இடம் இருக்காது. மூணு வருஷம் அந்தப் பாத்தியில டியூலிப்பே வைக்கல. விளக்கு வரட்டும், ஆனா தோட்டக்காரன் காலண்டரைப் பார்த்துட்டு வரட்டும். எங்கே போடறதுன்னு எங்களைக் கேட்கறாங்க, எப்போன்னு கேட்கறது இல்ல.

யாழ்ப்பனை | டிசம்பர் 5, காலை 10:30

உந்த விளக்குப் பிரச்சினை புதிசெண்டு நினைக்கிறியளோ? 1843 டிசம்பரில விக்டோரியா மகாராணியும் அல்பேர்ட்டும் டார்பிஷயரில இருக்கிற சாட்ஸ்வர்த் மாளிகைக்கு விருந்தாளியா வந்தவை. அங்க தலைமைத் தோட்டக்காரர் ஜோசஃப் பாக்ஸ்டன். அவர் கட்டின 'கிரேட் ஸ்டோவ்' எண்ட கண்ணாடி வீடு அப்ப உலகத்திலேயே பெரிசு. நிலத்துக்குக் கீழ எட்டுக் கொதிகலன், நிலக்கரி கொண்டு போக சுரங்கத்தில தண்டவாளம். அதுக்குள்ள ஆயிரக்கணக்கில விளக்குக் கொளுத்தி, குதிரை வண்டியிலேயே மகாராணியை உள்ளுக்குக் கொண்டு போய்க் காட்டினவை. வெளியில மார்கழிக் குளிர், உள்ளுக்கு வாழையும் ஈச்சையும். நீரூற்றுக்கும் வண்ண வெளிச்சம் போட்டு, வாணவேடிக்கையும் விட்டவை.

இதில எனக்குப் பிடிச்சது அடுத்த நாள் காலமைதான். வாட்டர்லூவில நெப்போலியனை வெண்ட வெலிங்டன் பிரபுவும் அந்த விருந்துக்கு வந்திருந்தவர். ராத்திரி இவ்வளவு அமளி நடந்த தோட்டம் விடிய என்ன கோலத்தில இருக்குது எண்டு பாக்க வெள்ளண எழும்பிப் போனவராம். ஒரு விளக்குத் துண்டு, ஒரு சருகு, ஒண்டும் இல்லையாம். பாக்ஸ்டன்ர ஆக்கள் ராத்திரி முழுக்க நிண்டு துப்புரவாக்கிப் போட்டினம். இந்த மனிசனை என்ர தளபதிகளில ஒருத்தரா வச்சிருக்க விரும்புறன் எண்டு வெலிங்டன் சொன்னதாக் கதை.

அப்ப விளக்குப் போட்டவரும் தோட்டக்காரர்தான், எடுத்தவரும் தோட்டக்காரர்தான். ராவு முழுக்க முழங்காலில நிண்டு பொறுக்கின பெடியன்களின்ர பேரை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, அது வேற கதை. முதலாம் உலகப்போரில கரி இல்லாமல் அந்தக் கண்ணாடி வீட்டில மரமெல்லாம் பட்டுப்போய், 1920இல இடிச்சவை. இப்ப அந்த இடத்தில யூ மரத்தில ஒரு புதிர்ப்பாதை இருக்குது.

நிலாமுற்றம் | டிசம்பர் 5, மதியம் 1:12

ஐயா, இந்தக் கதையை எங்க ஆபீஸ் சுவர்ல ஒட்டணும். மண்வெட்டி அக்கா சொன்ன தேதிப் பிரச்சினை உண்மை. ஒப்பந்தம் போடும்போது மேசையில தோட்டக்காரர் யாரும் இருக்கறதே இல்ல, விற்பனை ஆளும் நிகழ்ச்சி மேலாளரும்தான். ஜனவரி முதல் வாரம் இடத்தைக் காலி பண்ணணும்னு எழுதினா நாங்க பண்ணுவோம், கூடுதல் ஆளுக்குக் காசு கொடுத்தா.

குன்னூரான் | டிசம்பர் 5, மாலை 6:20

"கூடுதல் ஆளுக்குக் காசு கொடுத்தா." அதுல வந்து நிக்குது எல்லாம். எனக்கு இன்னும் சமாதானம் ஆகல, பரவாயில்ல.

நெறியாளர் | டிசம்பர் 5, இரவு 8:00

விளக்குப் பாதை விவாதம் தொடரணும்னா தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். ரெடிங்வாசியின் வளையம் இன்னும் கட்டப்படாமல் இருக்கிறது.

ரெடிங்வாசி | டிசம்பர் 5, இரவு 8:25

நன்றி நெறியாளரே! மகள் தினமும் கேட்கிறா. நான் ஒரு பக்கமா இருந்து எல்லாத்தையும் ரசிச்சுட்டிருக்கேன்.

மண்வெட்டி | டிசம்பர் 6, காலை 11:40

இன்னைக்கு விடுமுறை, எழுதிடறேன்.

ஒரு அடி அகலக் கம்பி வளையம் கைவினைக் கடையில கிடைக்கும். கூடவே ஒரு சுருள் மெல்லிய கம்பி. அதோட நுனியை வளையத்துல முடிச்சுப் போட்டுக்கோங்க, கடைசி வரைக்கும் அறுக்க வேண்டாம். முதல்ல பாசி. கடையில விக்கிற ஸ்பாக்னம் பாசி சதுப்பு நிலத்துலேர்ந்து எடுக்கறது, அது வளர ரொம்பக் காலம் ஆகும், வாங்காதீங்க. உங்க புல்வெளியை வாரினா வர்ற பாசியே போதும், புல்லுக்கும் நல்லது. பிடி பிடியா ரெண்டு பக்கமும் வச்சுக் கம்பியால இறுக்கிச் சுத்திட்டே போங்க. பாசி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அதனால தழை வாடாது.

அப்புறம் தழை. ஃபர், ஐவி, ஹாலி மூணுலயும் ஒவ்வொரு குச்சி, ஒரு கை நீளம், சேர்த்து ஒரு கொத்து. வளையத்து மேல சாய்வா வச்சு ரெண்டு சுத்து இறுக்குங்க. அடுத்த கொத்து முந்தினதோட காம்பை மறைக்கணும். ஒரே திசையிலதான் போகணும், நடுவுல திசை மாறினா எவ்வளவு அழகான தழையும் கலைஞ்ச தலையாத் தெரியும். கடைசிக் கொத்தை முதல் கொத்துக்கு அடியில நுழைச்சா முடிஞ்சது. ஆரஞ்சு வில்லையைக் குறைஞ்ச சூட்டு அவன்ல மணிக்கணக்கா உலர்த்திச் சொருகலாம். பைன் காயைக் கம்பியால கட்டலாம்.

கதவுக்கு வெளியே மாட்டினா நாலு வாரம் தாங்கும். உள்ளே ரேடியேட்டர் பக்கத்துல மாட்டினா ஒரே வாரம். ஹாலி, ஐவி, மிசல்டோ மூணோட பழமும் விஷம், சின்னப் பிள்ளையும் நாயும் எட்டாத உயரத்துல மாட்டுங்க.

தழைக்கு மாளிகைத் தோட்டத்துல ஒரு கிளை கூட ஒடிக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் மரம் விக்கிற இடத்துல மரத்தோட அடியை வெட்டிச் சரி பண்ணும்போது கீழ்க்கிளை குவிஞ்சு கிடக்கும், கேட்டா பெரும்பாலும் சும்மாவே தருவாங்க. மரமும் வாங்கறதா இருந்தா, ஊசி கொட்டாம இருக்க நார்ட்மன் ஃபர். நார்வே ஸ்ப்ரூஸ் வாசனை பிரமாதம், ஆனா சூடான வீட்டுல சீக்கிரம் உதிரும். எதுவானாலும் அடியில ஒரு அங்குலம் புதுசா வெட்டி உடனே தண்ணியில நிறுத்துங்க. முதல் நாள் எவ்வளவு குடிக்குதுன்னு பார்த்தா அசந்து போவீங்க.

ரெடிங்வாசி | டிசம்பர் 8, மாலை 5:30

கட்டியாச்சு! கொஞ்சம் முட்டை வடிவத்துல வந்திருக்கு, மகள் அதுதான் புது ஃபேஷன்னு சொல்லிட்டா. கிளை சும்மாவே கொடுத்தாங்க, கார் முழுக்க வாசனை.

இன்னொண்ணு. ஜனவரியில அம்மா, அப்பா திருநெல்வேலியிலேர்ந்து வர்றாங்க. அவங்களைக் கூட்டிப் போக அப்போ ஏதாவது இருக்குமா, இல்ல மறுபடி மொட்டை மரம்தானா?

யாழ்ப்பனை | டிசம்பர் 8, இரவு 7:15

தம்பி, சொமர்செட் பக்கம் போக ஏலுமெண்டால் 'வசெயில்' பாருங்கோ. ஆப்பிள் தோப்பில ராத்திரி கூடி, சட்டி பானை தட்டி, துவக்கு (துப்பாக்கி) வெடிச்சு, மரத்தை எழுப்புவினம். பழைய காலண்டர்படி ஜனவரி 17இல கார்ஹாம்ப்டன் எண்ட ஊரில செய்யினம். சைடர் எண்ட ஆப்பிள் மதுவில தோய்ச்ச பாண் (ரொட்டி) துண்டைக் கிளையில கொழுவி விடுவினம், வேரிலயும் சைடர் ஊத்துவினம். வாற வருசம் நல்லாக் காய்க்க வேணுமாம். பொங்கல் முடிஞ்ச கையோட போகலாம். அம்மா அப்பாவுக்கு நல்ல தடிச்ச சப்பாத்து வாங்கி வையுங்கோ, தோப்பு முழுக்கச் சேறு.

மண்வெட்டி | டிசம்பர் 8, இரவு 9:50

வயசானவங்களுக்கு ராத்திரிக் குளிர் ஒத்துக்குமான்னு பார்த்துக்கோங்க. பிப்ரவரி வரைக்கும் இருப்பாங்கன்னா பகல்லயே பனித்துளிப் பூ பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் பக்கம் ஆங்கிள்சி அபி, குளஸ்டர்ஷயர்ல பெயின்ஸ்விக், கோல்ஸ்போர்ன், எல்லாம் அதுக்கே பேர் போன இடங்கள். ஆங்கிள்சி அபியில குளிர்காலத்துக்குன்னே ஒரு பாதை இருக்கு. வெள்ளைப் பட்டை பிர்ச் மரம், சிவப்புத் தண்டு டாக்வுட். சார்கோகோக்கான்னு ஒரு குட்டைச் செடியும் உண்டு, பூ கண்ணுக்கே தெரியாது, வாசனை மட்டும் தூரத்துலேர்ந்தே வரும். பாதையும் சமதளம், சக்கர நாற்காலி போகும். போறதுக்கு முன்னாடி பூ வந்தாச்சான்னு போன் பண்ணிக் கேளுங்க, குளிரைப் பொறுத்து ரெண்டு வாரம் முன்னே பின்னே ஆகும்.